சாம்பல் கழுத்து

அன்பு மகளே, நீயும் மாப்பிள்ளையும் சுகமா?

"அப்பா, காக்காவுக்குக் கழுத்து சாம்பல் கலர்தானே?" என்று இரண்டாம் வகுப்பில் கேட்டாய். "காக்கான்னா முழுக்கக் கறுப்புதான். வாத்தியாருக்கே பாடமா?" என்று நீ வரைந்த காக்காப் படத்தைச் சிவப்பு மையால் அடித்தேன். அதன்பின் நீ வரையவேயில்லை.

இந்த விடுதிக் காப்பாளர் வேலையில் எனக்குப் பேச்சுத்துணை ஜன்னலுக்கு வரும் காக்காதான். நேற்று அதைப் பார்த்து வரைந்தேன். கழுத்து நீ சொன்ன சாம்பலேதான். கிட்டப் பார்க்கப்போய் ஸ்டூலிலிருந்து வழுக்கி முழங்காலில் சின்னச் சிராய்ப்பு, அம்மாவிடம் சொல்லிவிடாதே.

முப்பது வருஷம் கரும்பலகையில் காக்கா போட்டவன் நான். ஒரு காக்காவையும் உற்றுப் பார்த்ததில்லை. தப்பு என்னுடையதுதான், கண்ணு.

உன் பழைய கலர் பென்சில்களில் சாம்பல் நிறம் இருந்தால் அனுப்பு. சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. அங்கே உன் வீட்டுக்குக் காக்கா வந்தால், யாரையும் கேட்காமல் அதைப் பார்த்து வரை.

அப்பா