பேச்சியக்காவின் வெறுங்கால்

ஏப்ரல் 22, செவ்வாய்

விடிந்ததிலிருந்தே புழுக்கம். மேற்கே மலை தெரியவில்லை. மழை வரும் என்று இவர் சொல்லிவிட்டு உரக்கடைக்குப் போனார். வரவில்லை.

ஓடைப்பட்டியில் திராட்சை வெட்டு. வேலைக்குப் போகிற பெண்களை வீட்டில் பிடிக்க முடியாது. சோற்று நேரத்தில் தோட்டத்துக்கே போய்விடுவேன். பந்தலுக்குக் கீழே உட்காரவைத்து விரலைக் குத்தி சுகர் பார்த்து, பிரஷர் பார்த்து, மாத்திரை கொடுத்து, "நடங்க, சோத்தைக் குறைங்க, கீரை தின்னுங்க" என்று அதே பாட்டு. இதற்குச் சுகாதார ஊழியர் என்று பெயர். ஊரில் வைத்த பெயர் சுகர் டீச்சர்.

கொத்து வெட்டும்போது உதிர்கிற பழத்தை ஓனர் இவர்களுக்கே விட்டுவிடுவார். பாதிப் பேருக்குக் காலைச் சாப்பாடே அதுதான். தின்னாதீங்க என்றேன். "அப்ப இட்லி நீ கொண்டாறியா?" என்று ஒருத்தி. பயிற்சியில் இதற்குப் பதில் சொல்லித் தரவில்லை.

புதிதாக வந்த ஒரு பெண், ஊசியைக் கண்டதும் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். வழக்கமாகச் செய்வதைத்தான் செய்தேன். "வலிக்காது, இங்க பாரு" என்று என் விரலையே குத்திக் காட்டினேன். ரத்தம் வந்துவிட்டது, வீணாக்குவானேன் என்று மெஷினில் வைத்தேன்.

முந்நூற்றுப் பன்னிரண்டு.

கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு, "பேட்டரி போச்சு போல" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், பேச்சியக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு எழுத்து தெரியாது, நம்பர் தெரியும். என்னிடம் ரொம்ப நாளாக மாத்திரை வாங்குகிறவள். மெஷினை எட்டிப் பார்த்தே கூடுதலா குறைச்சலா என்று சொல்லிவிடுவாள்.

நாளைக்கு: பேட்டரி (நிஜமாகவே). கோதுமை மாவு. இவர் சட்டைக்குப் பொத்தான்.

ஏப்ரல் 23, புதன்

வெறும் வயிற்றில் மறுபடி பார்த்தேன். அதுவும் கூடுதல்தான். மெஷின் கோளாறாக இருக்கும் என்று இவரைக் கூப்பிட்டு அதே மெஷினில் பார்த்தேன். நூற்று நாலு. "எனக்கு எதுக்கு இப்ப?" என்றார். சும்மா என்றேன்.

மாத்திரை என் பையிலேயே கிடக்கிறது. டாக்டரைக் கேட்காமல் போடுகிறவர்களைத் திட்டுவதே என் வேலை. டாக்டரிடம் போனால் நர்ஸம்மாவுக்குத் தெரியும். நர்ஸம்மாவுக்குத் தெரிந்தால் சின்னமனூர் வரைக்கும் தெரியும். சுகர் டீச்சருக்கே சுகர்! வெட்கமாக இருக்கிறது. என்ன செய்வதென்று தெரியவில்லை. பொத்தான் வாங்க மறந்துபோயிற்று.

ஏப்ரல் 27, ஞாயிறு

வெயில். கோவிலில் ஆராதனை முடிந்ததும் ஒரு ஞானஸ்நான விருந்து. பிரெட் அல்வா. யாராவது கேட்டால் ஒரு ஸ்பூன் என்பேன். இங்கே எழுதுகிறேன்: இரண்டு கப்.

ஏப்ரல் 30, புதன்

பேச்சியக்கா வீடு. ஒன்றும் புரியவில்லை. நடந்ததை அப்படியே எழுதிவைக்கிறேன்.

போன வருஷம் அவள் இடது காலில் முள் ஏறி, ஏறியதே தெரியாமல் புண் உள்ளே போய், தேனியில் ஒரு விரலை எடுத்தார்கள். பாதத்தில் உணர்ச்சி கிடையாது. இன்னொரு புண் வந்தால் பாதமே போகும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அப்போது அலைந்து திரிந்து மெத்துச் செருப்பு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். வாசலைத் தாண்டினால் செருப்பு இல்லாமல் போகாதே என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.

இன்று போனால் செருப்பு சுவரில் ஆணியில் தொங்குகிறது, சாமி படம் மாதிரி. மணிக்கட்டில் மஞ்சள் கயிறு.

"வீரபாண்டி ஆத்தாளுக்கு அக்கினிச்சட்டி எடுக்கேன்னு நேந்துருக்கேன். சின்னமனூர்லருந்து நடந்தே போறேன். காப்புக் கட்டியாச்சு, இனிமே செருப்பு ஆகாது."

கத்தினேன். சித்திரை வெயில், தார் ரோடு, உணர்ச்சியில்லாத கால், கையில் நெருப்பு. அவள் பாட்டுக்கு விரலை நீட்டிக்கொண்டிருந்தாள், சுகர் பார்க்கச் சொல்லி.

நூற்று முப்பத்தெட்டு! இரண்டு தடவை பார்த்தேன். இருநூற்றைம்பதுக்குக் கீழே அவள் வந்ததே இல்லை.

விரதமாம். ஒரு வேளைதான் சோறு. உதிரிப் பழத்தைத் தொடுவதில்லை. "காப்புக் கட்டுனா கண்டதையும் வாயில போடலாமா?" காலையில் குளித்துவிட்டு அம்மன் கோவிலுக்குத் தண்ணீர்க்குடம் தூக்கிக்கொண்டு நடை. மாத்திரையும் தவறாமல். நான் சொன்னது அத்தனையும் செய்கிறாள், நான் சொல்லும்போது மட்டும் செய்யவில்லை. ஒரு முழக் கயிறு சாதித்துவிட்டது. அந்தக் கயிறேதான் செருப்பையும் கழற்றிவிட்டது. இதற்குச் சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா?

மே 2, வெள்ளி

சாயங்காலம் பேச்சியக்கா வீட்டுக்கு மறுபடி போனேன். மகன் பாண்டி இருந்தான். லோடு ஆட்டோ ஓட்டுகிறவன், நல்ல பையன்.

"நான் சொல்லிப் பாத்துட்டேன் சித்தி. ஒனக்குப் பதிலா நான் சட்டி எடுக்கேன்னேன். கேக்க மாட்டேங்குது."

வீட்டு ஆள் ஒருவர் பதிலுக்கு எடுக்கலாம், அந்த வழக்கம் உண்டு. அதைப் பிடித்துக்கொண்டேன். அக்கா தலையை ஆட்டிவிட்டாள். "நேந்தவ நானு. இவென் எடுத்தா அவளுக்கு எப்புடிப் போய்ச் சேரும்?"

"எவளுக்கு?"

பாண்டி என்னைப் பார்த்தான், வண்டியைத் துடைக்கப் போய்விட்டான்.

"ஒனக்குத்தேன்த்தா."

எனக்கா, எதற்கு என்றேன்.

"அன்னைக்குப் பந்தலுக்குள்ள நம்பரப் பாத்தேன்ல. என் வெரலு போனப்ப எனக்கு இருந்த நம்பரு. நீ யாருகிட்டயும் சொல்ல மாட்ட, ஒன் மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சது. ஆத்தாகிட்டயாச்சும் யாராச்சும் சொல்லணும்ல?"

"நான் வேதக்காரிக்கா."

"அவ என்ன சர்டிபிகேட்டா கேக்குறா?"

சிரிப்பு வந்தது, பின்னாலேயே அழுகை. அழுதுகொண்டே அவளைத் திட்டினேன். நாளைக்கே டாக்டரிடம் போகிறேன், மாத்திரை போடுகிறேன், நீ நேர்த்தியை விட்டுவிடு என்று கெஞ்சினேன்.

"காப்புக் கட்டிட்டு விட்டா, அது ஒன்னையத்தேன் வந்து சேரும். நான் எப்புடி விட?"

எனக்கு ஏதாவது ஆகிவிடும் என்று அவள் விட மாட்டாள். அவள் கால் போகும் என்று நான் விட முடியாது. அவளும் நானும் ஒரே கயிற்றை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துக்கொண்டு நிற்கிறோம். யார் மேல் கோபப்படுவதென்றே தெரியவில்லை.

மே 4, ஞாயிறு

ஆராதனையில் மனம் நிற்கவில்லை. கண்ணை மூடி, "கர்த்தரே, பேச்சியக்கா கால்" என்று ஆரம்பித்தேன், மேலே ஓடவில்லை. அந்த நேர்த்தி பலிக்க வேண்டும் என்று கேட்பதா, நின்றுபோக வேண்டும் என்று கேட்பதா? காலை மட்டும் பார்த்துக்கொள்ளும் என்று முடித்துவிட்டேன்.

இவரிடம் பாதி சொன்னேன்.

"அவுக சாமி, அவுக காலு. ஒனக்கு என்ன? யாருக்கு நேந்தாகளாம்?"

"தெரியல."

மத்தியானம் அக்காவிடம் பேரம்:

நடை: சின்னமனூரிலிருந்து வேண்டாம், வீரபாண்டி வரைக்கும் பாண்டி வண்டி. (ஒத்துக்கொண்டாள்.)

நேரம்: தார் சூடாவதற்குள், விடிகாலை. (ஒத்துக்கொண்டாள்.)

பாதத்தில் மஞ்சள் துணி சுற்றுவது. (மாட்டாளாம். "அது செருப்புத்தேன், பேரு மாத்திருக்க.")

நான் கூடவே வருவேன். (இதற்குத்தான் முகம் மலர்ந்தது.)

டாக்டரிடம் நான் போவது: திருவிழா முடிந்ததும். இதை அவள் கேட்கவில்லை, நானாகச் சொன்னது.

மே 8, வியாழன்

கால் எரிகிறது. உட்கார்ந்து எழுதுகிறேன்.

விடிகாலை என்ற பேச்செல்லாம் பேச்சோடு சரி. ரோடு முழுக்கக் கூட்டம், வண்டியை வெகுதூரத்திலேயே நிறுத்திவிட்டார்கள். ஆற்றில் இறங்கிக் குளிக்கவே வரிசை. அக்கா கையில் சட்டி ஏறியபோது வெயில் நன்றாக ஏறிவிட்டது. மஞ்சள் சேலை, கையில் வேப்பிலையும் நெருப்பும். கொட்டுச் சத்தத்தில் நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை.

நானும் செருப்பைக் கழற்றிப் பாண்டியிடம் கொடுத்துவிட்டேன். ஏன் என்று கேட்டால் தெரியாது. அவள் வெறுங்காலில் போகும்போது செருப்போடு பக்கத்தில் நடக்க ஒரு மாதிரி இருந்தது.

தார் கொதித்தது. நான் ஒரு குடத்தை வாங்கிக்கொண்டு முன்னால் ஓடி ரோட்டில் தண்ணீர் ஊற்றுவது, அடுத்த வீட்டுக் குழாயில் பிடிப்பது, மறுபடி ஊற்றுவது. ஊற்றிய இடம் அவள் வருவதற்குள் காய்ந்துபோகிறது. ஒரு வீட்டு வாசலில் ஒரு அம்மா என் காலுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கும்பிட்டு, "ஆத்தா, எங்களையும் பாத்துக்க" என்றாள். நான் அவளில்லை, நான் சும்மா கூட வந்தவள் என்று சொல்ல வாயெடுத்தேன். தண்ணீர் குளிர்ச்சியாக இருந்தது. சொல்லவில்லை.

ஒரு கட்டத்தில் என்னால் நிற்க முடியாமல் நிழலுக்கு ஓடினேன். அக்கா அப்படியே போய்க்கொண்டிருந்தாள், வரப்பில் நடக்கிற மாதிரி. "பாருடி, சுடவே இல்ல அவுகளுக்கு! ஆத்தா எறங்கிட்டா" என்று பின்னால் யாரோ. ஏன் சுடவில்லை என்று எனக்குத் தெரியும். அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தபோது, தெரிந்ததெல்லாம் சரிதானா என்று ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துவிட்டது.

சட்டியை இறக்கிய பிறகு உட்காரவைத்துப் பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன். முன் பாதம் முழுக்கக் கொப்புளம்.

"வலிக்குதா?"

"துளிகூட இல்ல. பாத்தியா, அவ சக்திய?"

நல்ல தண்ணீரில் கழுவி, சுத்தமான துணி சுற்றி வண்டியில் ஏற்றினேன். என் காலில் சின்னதாக இரண்டு கொப்புளம்தான், அதற்கே நொண்டுகிறேன்.

மே 9, வெள்ளி

கொப்புளம் உடைந்துவிட்டது. எடுத்த விரல் பக்கம் சிவந்து, தொட்டால் சூடு. இன்றே தேனிக்குப் போக வேண்டும் என்றேன். பாண்டி வண்டிச் சாவியை எடுத்துவிட்டான். அக்கா கட்டிலை விட்டு இறங்கவில்லை.

"ஆத்தாளுக்கு எடுத்த காலு. அவளே ஆத்துவா. ஆஸ்பத்திரிக்குப் போனா அவள நம்பலன்னு ஆகிரும்."

போன வருஷம் விரலை எடுத்த கதை முழுவதும் சொன்னேன். பாண்டி அழுதான். ஒன்றும் ஆகவில்லை. எனக்கு வாய் ஓய்ந்து, கோபத்தில் வந்தது:

"சரி, நீ வர வேண்டாம். நானும் எந்த டாக்டர்கிட்டயும் போகல. என் சுகரு ஏறுனா ஏறட்டும். நீ எடுத்த சட்டி வீணாப் போகட்டும்."

வாசல் வரை வந்துவிட்டேன். பின்னாலிருந்து அக்கா குரல்.

"நாளைக்கு எத்தன மணிக்கு டாக்டரு வருவாக?"

இன்றே என்று எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை, இன்று ராத்திரி காப்பை அவிழ்த்துவிட்டு, விடிந்ததும்தான் வருவாளாம். காயத்துக்கு நர்ஸம்மாவை வரவழைத்துக் கட்டுப் போட்டு, ஊசியும் போட்டாயிற்று. அவளுடைய நேர்த்தியைக் காட்டியே அவளை மிரட்டியிருக்கிறேன். செய்தது நல்லதா கெட்டதா?

மே 10, சனி

தூறல். தேனி பெரியாஸ்பத்திரி.

முதலில் கால்: தப்பியது. தோல்தான் போயிருக்கிறது, எலும்புவரை இறங்கவில்லை. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அங்கேயே படுக்கவைத்திருக்கிறார்கள். பாண்டி துணைக்கு. இனிமேல் வெறுங்காலோடு நடந்தால் தான் பொறுப்பில்லை என்று டாக்டர் சத்தம் போட்டார். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டல் எனக்குத் தெரியும்.

காலையில் சீட்டுப் போடுகிற இடத்தில் நடந்தது. அக்காவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போய் வரிசையில் நின்றேன். எங்கள் முறை வந்தது. பேச்சியம்மாள், ஓடைப்பட்டி, காலில் புண் என்று சொன்னேன். சீட்டு வந்தது. வாங்கிக்கொண்டு நாற்காலியைத் திருப்பப் போனேன். அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொரு சீட்டுப் போடுங்கய்யா."

உள்ளே இருந்தவர் நிமிர்ந்து கட்டுப் போட்ட காலைப் பார்த்தார், நின்றுகொண்டிருந்த என்னைப் பார்த்தார். "துணைக்கு வந்தவுகளுக்குச் சீட்டு வேணாம்மா."

"தொணைக்கு வந்தது நானுய்யா" என்றாள் அக்கா.

அவர் பேனாவை எடுத்து என் பெயரைக் கேட்டார். ஜெபராணி என்றேன்.