வடம் பிடித்த கை

மட்டாஞ்சேரி
6.1.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஜெயாவின் நமஸ்காரம். மன்னியின் முழங்கால் வலி தேவலையா? போனில் பேசினால் அழுதுவிடுகிறேன், அதனால் எழுதுகிறேன்.

இவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். கை கால் தப்பியது. ஆனால் மனசில் இருப்பதெல்லாம் வாயில் வந்துவிடுகிறது. பார்க்க வந்த மிளகு வியாபாரியிடம், "உன் மிளகுல பாதி பப்பாளி விதைடா" என்றார். தரகு செய்த இத்தனை வருஷத்தில் யார் மனதையும் நோகடிக்காதவர்! மூளையின் முன்பக்கம்தான் வாய்க்குத் தாழ்ப்பாளாம். அங்கே ரத்தக்கட்டி அடைத்ததில் தாழ்ப்பாள் போய்விட்டது என்கிறாள் டாக்டர் ஸ்நேஹா.

கட்டி எங்கிருந்து வந்தது என்றுதான் தெரியவில்லை. பிரஷர் இல்லை, சர்க்கரை இல்லை, கழுத்து ரத்தக்குழாயில் அடைப்பும் இல்லை. இதயத் துடிப்பு எப்போதாவது தப்பியதா என்று ஐ.சி.யூ. வாசலில் கேட்டபோது, இல்லவே இல்லை என்றேன். நீயும் பக்கத்தில்தான் நின்றாய். காரணம் தெரியாவிட்டால் சரியான மருந்து தர முடியாதாம், மறுபடி வந்தாலும் வருமாம். நவம்பரில் கல்பாத்தித் தேருக்கு உன்னோடுதானே இருந்தார். உனக்கு ஏதாவது தெரியுமா?

உன் தங்கை,
ஜெயலக்ஷ்மி

கல்பாத்தி
10.1.2025

சௌ. ஜெயாவுக்கு ஆசீர்வாதம்.

மாப்பிள்ளை இங்கே கல்லுக்குண்டு மாதிரி இருந்தார். முதல் வரிசையில் நின்று வடம் பிடித்தார், ஊரே பார்த்தது. வேறொன்றும் எனக்குத் தெரியாது. டாக்டர்கள் அப்படித்தான் குடைவார்கள். எல்லாம் வேளை. மன்னி நேந்திரங்காய் வறுவல் அனுப்பியிருக்கிறாள், மாப்பிள்ளைக்குப் பிடிக்குமே.

அண்ணா,
வெங்கிடாசலம்

மட்டாஞ்சேரி
19.1.2025

அண்ணா,

வறுவல் வந்தது. டப்பாவைத் திறந்ததும் இவர் சிரித்தார். "வெங்கிட்டு கெட்டிக்காரன். ரத்தம் கட்டாம இருக்கற மாத்திரை தின்னா, வடம் கையைக் கிழிச்சா ரத்தம் நிக்காது, மாத்திரையை நிறுத்தும்னான். தேர் முடிஞ்சப்புறமும், இனிமே மாத்திரை எதுக்குன்னான். ஜெயாகிட்ட மூச்சு விடாதேயும்னான்."

"எந்த மாத்திரை?"

"துடிப்பு தப்பறதுன்னு பாலக்காட்டு டாக்டர் குடுத்தாரே. வெங்கிட்டுதானே கூட்டிண்டு போனான்."

கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். மறைக்க வேண்டும் என்பதே இப்போது அவருக்குத் தெரியவில்லை.

ஆட்டோ பிடித்து டாக்டரிடம் ஓடினேன். "சேச்சி, இது நேரத்தே பறயாமாயிருந்நில்லே?" என்றாள். இதை முன்பே சொல்லியிருக்கக் கூடாதா என்கிறாள்; தெரிந்தும் நான்தான் சொல்லவில்லை என்று நினைத்துவிட்டாள். இன்று முதல் அந்த மாத்திரையை மறுபடி தொடங்கியிருக்கிறார்கள்.

தேருக்காக நிறுத்தச் சொன்னதை அசட்டுத்தனம் என்று விட்டுவிடுவேன். ஐ.சி.யூ. வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு வாய் மூடி நின்றாயே, அது? நானே எழுதிக் கேட்டும் தெரியாது என்றாயே, அது? உன் பெயர் கெடாமல் இருந்தால் போதும், இவருக்கு எது வந்தாலும் வரட்டும் என்று இருந்துவிட்டாய்.

ஜெயலக்ஷ்மி

கல்பாத்தி
23.1.2025

ஜெயா,

பயந்துவிட்டேன் அம்மா. என்னால்தான் என்று தெரிந்தால் உன் முகத்தில் எப்படி விழிப்பேன்? அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். மாப்பிள்ளை காலில் வேண்டுமானாலும் விழுகிறேன்.

அண்ணா

மட்டாஞ்சேரி
25.1.2025

அண்ணா,

வர வேண்டாம். இவருக்கு உன்மேல் கோபமே இல்லை. "வெங்கிட்டு எப்ப வருவான், தேருக்குப் போகணுமே" என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நீ வந்து மாத்திரையை நிறுத்தும் என்றால் இன்றைக்கும் நிறுத்திவிடுவார். அதுதான் எனக்குப் பயம்.

மன்னியின் டப்பாவைக் கழுவி, பார்சலில் போட்டிருக்கிறேன். பிறந்த வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக்கூடாது, ஒரு பிடி சர்க்கரையாவது போட்டு அனுப்பு என்பாள் அம்மா. இதுவரை அப்படித்தான் செய்திருக்கிறேன்.

இதில் ஒன்றும் போடவில்லை.

ஜெயலக்ஷ்மி