ஆணி அடித்தது யார்

ரெட்டியார்பாளையம்,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள கவிநிலாவுக்கு,

நான் நலம். நீயும் படிக்கப் போன அந்த ஊர்க் குளிரில் நலமாக இருக்க வேண்டும். இரண்டு நாளாக உன் போனை எடுக்காததற்கு வேலை காரணமில்லை. எடுத்தால் எதையாவது சொல்லிச் சமாளித்துவிடுவேன். அதில் நான் கெட்டிக்காரன் என்று உனக்கே தெரியும். அதனால்தான் கடிதம்.

இங்கே ஆடி பிறந்தும் வெயில் குறையவில்லை. அம்மா தவளக்குப்பம் பக்கம் நம் ஊரிலேயே இருக்கிறாள், கூழ் ஊற்றி முடிக்காமல் வர மாட்டாளாம். முழங்காலுக்கு நீ வாங்கிக் கொடுத்த தைலத்தைத் தெருவுக்கே தடவித் தீர்த்துவிட்டாள்.

விஷயத்துக்கு வருகிறேன். பச்சைவாழியம்மன் கோயில் காட்டில் உன் ஆராய்ச்சிக்காக நம்பர் தகடு அடித்து வைத்தாயே, அந்த நாவல் மரங்களில் பாதிக்கு இப்போது நம்பர் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசாரி கன்னியப்பன் காணாமல் போன ஆட்டைத் தேடி, யாரும் புழங்காத உள்காடு வரை போயிருக்கிறார். ஆணியைச் சுற்றிச் சிவப்பாகக் கசிந்திருப்பதைப் பார்த்துவிட்டார். அம்மன் காட்டில் சுள்ளி கூடப் பொறுக்காத ஊர் நம்முடையது. எல்லாரும் கூடிவிட்டார்கள். நீ இலையை அளந்து படம் எடுத்துப் போவது அவர்களுக்குத் தெரியும். ஆனாலும் நம்ம வீட்டுப் பொண்ணு இதைச் செஞ்சிருக்காது என்றுதான் பேசிக்கொண்டார்கள். யார் அடித்த ஆணி என்று என்னைக் கேட்டார்கள். எனக்கு என்ன தெரியும், ஏதாவது காலேஜ் ஆளுங்களா இருக்கும் என்றேன்.

அதோடு விட்டேனா? என் மேல் சந்தேகம் வரக் கூடாதென்று வயரிங் வேலைக் குறடை வண்டியிலிருந்து எடுத்து வந்து, முதல் ஆணியை நானே பிடுங்கினேன். மலை மழையில் நனையும் நாவலும் நம் கடலோர வெயிலில் காயும் நாவலும் ஒரே இனம்தானே, இது மட்டும் இந்தக் கோடைக்கு எப்படிப் பழகிக்கொண்டது என்று நீ ராத்திரிச் சாப்பாட்டைக்கூட மறந்து எனக்கு விளக்குவாய். அதே மரத்தை வருஷா வருஷம் அளந்தால்தான் தெரியும், அடுத்த கோடையோடு ஆராய்ச்சி முடிந்துவிடும் என்பாய். அதெல்லாம் தெரிந்தேதான் பிடுங்கினேன். என்னைப் பார்த்து மற்றவர்களும் பிடுங்கி ஒரே குவியலாகப் போட்டார்கள். அதில் எந்தத் தகடு எந்த மரத்தினுடையது என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

அதற்குள் அம்மா வந்துவிட்டாள். நம் வீட்டில் உட்கார்ந்து நீ நம்பர் கீறியதைப் பார்த்தவள் அல்லவா? ஒரு தகட்டைக் கையில் எடுத்து, இது என் மருமவ போட்ட நம்பருதான், தெரியாம அடிச்சிட்டா, தண்டனை எதுவா இருந்தாலும் எனக்குக் குடு ஆத்தா என்று எல்லார் முன்னாலும் மண்ணில் விழுந்தாள். நான் குறடோடு நின்றேன். என் முகத்தைப் பார்க்க ஊருக்கே கூச்சமாகிவிட்டது. மீதித் தகடுகளை அவள் ஊராரிடம் கெஞ்சி, ஆணியை எடுத்துவிட்டு, அந்தந்த மரத்திலேயே மஞ்சள் கயிற்றில் கட்டி வைத்திருக்கிறாள்.

ஆனால் நீ கேட்காமல் செய்தவள் இல்லை கவி. ஆணி ஆகாது என்றால் கயிறு கட்டிக்கொள்கிறேன், பூசாரியிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்று எத்தனை தடவை என்னிடம் சொன்னாய். கேட்டாச்சு, சரின்னுட்டார் என்றேன். நான் கேட்கவே இல்லை. பொண்டாட்டிக்காக வந்து நிக்கிறான் என்று சிரிப்பார்களோ என்று வெட்கம். அந்த அற்ப வெட்கத்துக்காக இப்போது உன் படிப்பையும் அம்மாவின் மானத்தையும் சேர்த்து விலையாகக் கொடுத்திருக்கிறேன்.

நீ இனி காட்டுக்குள் வரலாமா கூடாதா என்று இன்று சாயங்காலம் கோயிலில் கூடி முடிவு செய்கிறார்கள். இதைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் ஊருக்கு வண்டியை எடுக்கப் போகிறேன். போட்ட பிறகு என்னால் சமாளிக்க முடியாது. கேட்காமல் விட்டவன் நான், பொய் சொன்னவனும் நான் என்று எல்லார் முன்னாலும் சொல்லப் போகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. முதலில் அம்மாவுக்கு போன் செய். என் மேல் உனக்கு வரும் கோபம் நியாயம்தான், ஆறுவதற்கு அவசரப்படாதே. படிப்பை மட்டும் விட்டுவிடாதே. மீதி இருக்கிற மரங்களை அளக்க அடுத்த கோடையில் நீ வர வேண்டும். காட்டு வாசலில் நான் உனக்காகக் காத்து நிற்பேன். பொண்டாட்டிக்காக வந்து நிக்கிறான் என்று ஊர் பார்த்துச் சொல்லட்டும்.

இப்படிக்கு,
மதிவாணன்