ஒரு ரிங் விட்டு வை

செப்டம்பர் 16, திங்கள்

கோவிந்த நாமம் நூற்றெட்டு எழுத உட்கார்ந்தேன். நாற்பதிலேயே கை நின்றுவிட்டது. மனசு கொதித்தால் நாமம் எங்கே வரும்? அதே நோட்டைப் பின்பக்கமாகத் திருப்பி இதை எழுதுகிறேன். பெருமாள் படித்தால் படிக்கட்டும். அவருக்குத் தெரியாததா.

அண்ணன் மகன் கேசவன் இன்றைக்கும் குடும்ப குரூப்பில் மெசேஜ் போட்டிருக்கிறான். பேச்சு தமிழ், எழுத்து தெலுங்கு. அவன் தெலுங்கு மீடியம். நான் புத்தலப்பட்டு பக்கத்துக் கிராமத்தில் தமிழில் எட்டாவது. முப்பது வருஷம் திருப்பதியில் குடும்பம் நடத்தியும், பஸ் எங்கே போகிறது என்று கண்டக்டரைக் கேட்டுத்தான் ஏறுகிறேன். "எனக்கோசரம் ஒரு வரி தமிழ்ல போடேன்டா" என்றால், "கீபோர்டு மாத்தணும் அத்த, டைம் இல்ல" என்கிறான். ரோஜாப்பூ படத்துக்கு மட்டும் தினமும் டைம் இருக்கிறது.

சரி, நான் பேசி அனுப்பலாம் என்றால் அதுவும் ஆகாது. "உங்க தங்கச்சி வாய்ஸ் வந்துட்சி, சோறு கட்டிக்கினு உக்காந்து கேக்கணும்" என்று அண்ணி எல்லார் முன்னாடியும் சொன்னாராம்.

அந்த அண்ணி ரத்னம்மா வேலூர் ஆஸ்பத்திரியில் படுத்துப் பத்து நாள் ஆகிறது. ஒரு தடவை போய்ப் பார்த்தேன். என்னைக் கண்டதும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நோயாளிதானே என்று விட்டுவிட்டேன். விட்டேனா? விட்டிருந்தால் மறுபடி போயிருப்பேன். ஒரு போனாவது போட்டிருப்பேன்.

செப்டம்பர் 19, வியாழன்

பக்கத்து வீட்டு ரேஷ்மாவிடம் போனைக் காட்டினேன். அவளுக்குத் தெலுங்கு எழுத்து தெரியும், தமிழ் தெரியாது. எனக்குத் தமிழ் தெரியும், அந்த எழுத்து தெரியாது. அவள் கூட்டிக் கூட்டிப் படிப்பாள், நான் கேட்டுப் புரிந்துகொள்வேன். மகள் ரக்ஷிதா சென்னையில் வேலைக்குப் போனதிலிருந்து இப்படித்தான் நடக்கிறது.

"நாளைக்கி அம்மாவ ஊட்டுக்கு அனுப்பறாங்க."

நல்லது. அண்ணி எழுந்து உட்கார்ந்தால்தான் அண்ணன் ரக்ஷிதா கல்யாணத்துக்கு வந்து அவள் நெற்றியில் மாமன் பட்டம் கட்டுவார். எனக்கு இருக்கிறது ஒரே அண்ணன். டிசம்பர் ஐந்து முகூர்த்தம். நாளைக்கு நானும் என் வீட்டுக்காரரும் மலை ஏறுகிறோம், புரட்டாசி முதல் சனிக்கு.

செப்டம்பர் 20, வெள்ளி, காலை

ரேஷ்மா வாசல் பெருக்கிக்கொண்டிருந்தாள். போனை நீட்டினேன். "அம்ம போயிட்டாங்க" என்று படித்துவிட்டு, "பாகுந்தா ஆன்ட்டி?" என்று நல்ல சேதியா எனக் கேட்டாள். "பாகுந்தி, பாகுந்தி. ஊட்டுக்குப் போயிட்டாங்களாம்" என்றேன். குரூப்பில் வாய்ஸ் அனுப்பியாச்சு. பையைக் கட்டியாச்சு. கோவிந்தா.

செப்டம்பர் 22, ஞாயிறு

எப்படி எழுதுவேன்.

மலை ஏறும்போது பெருமாளைத் தவிர வேறு நினைப்பு வரக்கூடாது என்று அடிவாரத்தில், அலிபிரியிலேயே போனை அணைத்தேன். இவர் போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தார். தரிசனம் முடிந்து நேற்று சாயங்காலம் கீழே இறங்கித்தான் திறந்தேன். நாற்பத்தொரு மிஸ்டு கால் என்று மெசேஜாக வந்து விழுந்தது. ரக்ஷிதா மட்டும் பதினாறு. அவளைக் கூப்பிட்டால் அழுகிறாள்.

"யம்மா, மாமி செத்துட்டாங்கம்மா. வெள்ளிக்கிழம காலையிலயே. நான் நேரா வந்துட்டேன். இன்னிக்கிக் காலையில எடுத்துட்டாங்க."

போயிட்டாங்க. அந்தப் போயிட்டாங்களா அது! வீட்டுக்கு அனுப்புறாங்கன்னு மொதல் நாள் போட்டவன், மறுநாள் போயிட்டாங்கன்னு போட்டா நான் இன்னான்னு நெனைப்பேன்? செத்துட்டாங்கன்னு எழுத விரல் வலிக்குதா? படிச்சுச் சொன்னவளுக்கு அர்த்தம் தெரியல, அர்த்தம் தெரிஞ்சவளுக்குப் படிக்கத் தெரியல.

அண்ணனைக் கூப்பிட்டேன். எடுத்தார். நான் அழுதிருக்க வேண்டும். அழவில்லை. அப்பாவையும் இழுத்துக் கத்தினேன்.

"நம்ம நைனா ஊரு ஊரா நடந்து எவன் எவன் சாவையோ சொன்னாரு. எனக்கு ஒரு ஆளு அனுப்ப உனக்கு முடியலியா? நான் அவ்ளோ இளப்பமா பூட்டனா?"

அண்ணன் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "வெச்சிடு."

செப்டம்பர் 23, திங்கள்

ஊருக்குப் போனேன். அண்ணன் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அண்ணி திரும்பிக்கொண்ட மாதிரியே. கேசவன் உள்ளே விடவில்லை. முற்றத்தில் பத்துப் பெண்கள் உட்கார்ந்திருக்க, போனை என் முகத்துக்கு நேரே பிடித்தான்.

"நீங்க பேசுனதுதான் அத்த. கேட்டுட்டு உள்ள போங்க."

என் குரல்தான். மலைக்குக் கிளம்புகிற சந்தோஷம் வேறு அதில்.

"கேசவா, வயித்துல பால வாத்தடா. ஏழுமலையான் கண்ணத் தொறந்துட்டாரு. ஆஸ்பத்திரியில கெடந்து நீங்கல்லாம் பட்ட பாட்டுக்கு ஒரு விடிவு வந்துட்சி. வரும்போது எல்லாருக்கும் லட்டு வாங்கியாறேன்."

ஒரு கிழவி "அடி பாவி" என்றாள். யாரோ அதற்கு மூக்கைச் சிந்தினார்கள்.

"உங்களுக்குப் போன் போடத்தான் கையில எடுத்தேன். அதுக்குள்ள இது வந்துட்சி. அறுவத்தி மூணு பேரு கேட்டாங்க அத்த. தெரியாதுன்னு சொன்னா எவன் நம்புவான்? காணிப்பாக்கம் புள்ளையார் முன்னாடி சத்தியம் பண்ணுங்க, நம்பறேன்."

வாங்கிப் போன மாலையை வாசல் கம்பியில் மாட்டிவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 25

குரூப்பிலிருந்து என்னை எடுத்துவிட்டார்களாம். ரக்ஷிதா சொன்னாள். அறுபத்து மூன்று பேரும் நல்லா இருக்கட்டும்.

செப்டம்பர் 28, சனி

தூங்கி எழுந்தால் இதே நினைப்பு. சாவுச் செய்தி கேட்ட நேரத்திலிருந்துதான் தீட்டு. நான் கேட்டேனா, கேட்கவில்லையா? காதில் விழுந்தது, புத்தியில் விழவில்லை. அப்படியே போய்ப் பெருமாள் முன்னாடி நின்றிருக்கிறேன். கோயில் ஐயரைக் கேட்டால், "தெரியாமல் போனதற்குத் தோஷமில்லை அம்மா" என்கிறார். வாட்ஸப்பைப் பற்றிச் சாஸ்திரத்தில் எழுதியிருக்கிறதா என்று கேட்டேன். சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நைனாவுக்குச் சாவு சொல்வதுதான் வேலை. பெரிய வீடுகளில் யார் செத்தாலும் இவர்தான் நடக்க வேண்டும். நாலு ஊரோ ஆறு ஊரோ. வாசலுக்கு வெளியே நிற்பார். செத்தவர் பேர், யார் பிள்ளை, உயிர் போன நேரம், எடுக்கிற நேரம். கேட்டவர்கள் அதைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் அடுத்த வாசல். எங்கே போயிட்டார் என்று ஒருத்தரும் அவரைக் கேட்டதில்லை.

அப்புறம் கருப்பு ஓரம் போட்ட கார்டு வந்தது. படித்ததும் கிழித்துத் தெருவில் போட வேண்டும். இந்தப் போனை எங்கே கிழிப்பது? அம்மா செத்ததற்குத் தந்தி வந்தது, இங்கிலீஷில். எனக்கு ஒரு எழுத்து புரியவில்லை, ஆனாலும் தந்திக்காரர் முகத்தைப் பார்த்தே உட்கார்ந்து அழுதேன். டெலிபோன் பூத்தில் போய்ப் பேசிய காலத்தில் கண்ணாடிக் கதவுக்குள் நின்று அழுவோம், வெளியே நிற்கிறவன் சீக்கிரம் முடி என்று கதவைத் தட்டுவான்.

அந்தக் காலம் நல்ல காலம் என்று எவனாவது சொன்னால் சண்டைக்குப் போவேன். நைனா கால் வெடிப்பில் என் சுண்டு விரல் நுழையும். செத்தது அவங்க வீட்டில், நாயை அவிழ்த்துவிடுவது இவர்மேல்.

செல்போன் புதிதாக வந்தபோது ஒன்று மட்டும் நல்லாயிருந்தது. அண்ணன் இங்கே வந்துவிட்டுக் கிளம்பினால், "போய்ச் சேந்ததும் ஒரு ரிங் விட்டு வை" என்பேன். ஒரு ரிங் என்றால் வீடு சேர்ந்தாச்சு, எடுக்கக் கூடாது. ரெண்டு ரிங் என்றால் திருப்பிக் கூப்பிடணும். அதில் ஒரு நாளும் தப்பு வந்ததில்லை. எழுத்தே இல்லையே, எங்கிருந்து தப்பு வரும்? வாட்ஸப்பு வந்ததும் அதுவும் போச்சு.

அக்டோபர் 5, சனி

அண்ணிக்கு இன்றைக்குப் பதினாறாம் நாள். எனக்குச் சொல்லவில்லை. ரக்ஷிதாவுக்கு மட்டும் சொன்னார்கள். அவள் அங்கே இறங்கினாள், நான் காணிப்பாக்கத்தில் இறங்கினேன்.

குளத்தில் முழுகி, ஈரப் புடவையோடு பிள்ளையார் முன்னால் நின்றேன். பொய்ச் சத்தியம் செய்தால் அவர் விட மாட்டார். எனக்கென்ன பயம்? "செத்த சேதின்னு எனக்குத் தெரியாது, சத்தியம்" என்றேன். சுலபமாக வந்தது.

அதோடு திரும்பியிருக்கலாம். ஆனால் பஸ்ஸில் வரும்போதே ரக்ஷிதா கேட்ட கேள்வி என்னை விடவில்லை. "வீட்டுக்குப் போயிட்டாங்கன்னுதானே நெனச்ச? அப்ப ஏம்மா மாமிக்கு ஒரு போன் போட்டு எப்டி கீறீங்கன்னு கேக்கல?"

போட்டிருந்தால் தெரிந்திருக்கும். அரை நிமிஷத்தில் தெரிந்திருக்கும். குரூப்பில் பேசினால் அறுபத்து மூன்று பேர் கேட்பார்கள், அண்ணியோடு நேராகப் பேச வேண்டியதில்லை. அதுக்குத்தானே அங்க பேசுன, யமுனா? என்னையே கேட்டுக்கொண்டேன்.

அதற்காக இல்லை என்று சத்தியம் செய்ய என்னால் முடியவில்லை.

அக்டோபர் 17, வியாழன்

இவர் சித்தூர் பஸ் ஸ்டாண்டில் அண்ணனைப் பார்த்திருக்கிறார். என் வீட்டுக்காரர் எத்திராஜுக்கு வாயில் வார்த்தை வராது. சோறு தின்று, கை கழுவி, வெற்றிலை போட்டு, அப்புறம்தான் சொன்னார்.

"ஆளு அனுப்பலன்னு கேட்டியே. அனுப்ப வேணான்னு சொன்னதே உங்கண்ணந்தான்."

அண்ணன் அவரிடம் சொன்னது இதுதான். "சின்னதுல நைனா என்னியும் இட்டுக்கினு போவாரு மச்சான். ஒரு வாசல்ல தாகம்னு கேட்டதுக்குக் கொட்டாங்குச்சில தண்ணி ஊத்துனாங்க. நம்ம வூட்லேர்ந்து ஒருத்தனும் இனிமே சாவு சொல்ல நடக்க மாட்டான்னு அன்னிக்கே நெனச்சேன். ரத்னா செத்ததும் நாலு பசங்க வண்டிய எடுத்தாங்க. வேணாம்டா, போன்லயே சொல்லுன்னு நாந்தான் சொன்னேன். வாய்ஸ்ஸ மறந்துடுவேன் மச்சான். நைனாவ இழுத்துப் பேசுனா பாரு."

எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். எவர்சில்வர் டம்ளர்.

அண்ணன் அப்போது கொட்டாங்குச்சியில் குடித்தாரா, குடிக்காமல் வந்தாரா? கேட்டதில்லை. இத்தனை பேசுகிறேன், இதைக் கேட்டதில்லை.

அக்டோபர் 18

நாமம் எழுதவில்லை.

நவம்பர் 10, ஞாயிறு

மாப்பிள்ளை வீட்டில் ஒரு பேச்சு. வருஷம் திரும்பாத வீடு, தாய்மாமன் பட்டம் கட்டலாமா என்று. "பதினாறு கழிஞ்சி போச்சி. தாய்மாமன் இல்லாம எம்பொண்ணு மணையில உக்கார மாட்டா" என்றேன். அவர் வருவாரா என்பதே தெரியாது. வாய் மட்டும் குறையவில்லை.

பத்திரிகையைப் படம் பிடித்து எல்லாருக்கும் அனுப்பிவிட்டாள் ரக்ஷிதா. "மாமாவுக்கும் அனுப்பட்டா?" என்றாள். வேண்டாம் என்று தட்டில் வெற்றிலை பாக்கு, குங்குமம், பத்திரிகை வைத்து நானே பஸ் ஏறினேன். போன் போட்டுச் சொல்லவில்லை.

உள்ளே போகவில்லை. வாசலுக்கு வெளியே நின்றேன். நைனா நிற்கிற இடம் அதுதான். அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நைனா சாவு சொன்ன மாதிரியே நான் கல்யாணம் சொன்னேன். "ரக்ஷிதா. எத்திராஜ், யமுனா பொண்ணு. டிசம்பர் அஞ்சாந்தேதி, வியாழக்கெழம. காலையில ஆறுலேர்ந்து ஏழரை முகூர்த்தம். திருப்பதியில."

கேட்டவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். அண்ணன் சொல்லவில்லை.

கேசவன் கதவருகே வந்து, "இத்த வாய்ஸ்லயே அனுப்பிருக்கலாமே அத்த" என்றான். நான் பதில் சொல்லவில்லை. என் ஆயுசில் முதல் தடவை.

அண்ணன் எழுந்து உள்ளே போனார். கதவைச் சாத்தத்தான் போகிறார் என்று நினைத்தேன். அண்ணி குடித்துவந்த பெரிய பித்தளைச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து, படியில் வைக்காமல், என் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டு என்னைப் பார்க்காமல் போய் உட்கார்ந்தார். வெளியே நின்றே குடித்தேன். சொம்பைத் திருப்பிக் கொடுக்க உள்ளே போகத்தானே வேண்டும்? போனேன். அண்ணி படத்துக்குப் பக்கத்தில் சொம்பையும் தட்டையும் வைத்தேன். "தப்புதான் அண்ணி. நான் போன் போட்டுருக்கணும்" என்றேன். அண்ணன் காதில் விழுந்ததா தெரியாது.

வழியனுப்ப யாரும் எழுந்திருக்கவில்லை.

டிசம்பர் 4, புதன்

பட்டத்தைத் தட்டில் எடுத்து வைத்துவிட்டேன். கட்டுகிறவர் வருவதாக ஒரு தகவலும் இல்லை.

டிசம்பர் 5, வியாழன், சாயங்காலம்

அண்ணன் வந்தார். தனியாகத்தான் வந்தார், கேசவன் வரவில்லை. ஆறு மணிக்கு முன்னாலேயே மண்டபத்து வாசலில் நின்றிருந்தார் என்று இவர் சொன்னார். ரக்ஷிதா நெற்றியில் பட்டம் கட்டினார். முடிச்சு ரெண்டு தடவை அவிழ்ந்தது. என்னோடு ஒரு பேச்சு பேசவில்லை. சாப்பிட வாங்கண்ணா என்று இலைவரைக்கும் கூப்பிட்டேன். பந்தியில் உட்காராமல் பஸ்ஸுக்குப் போய்விட்டார். நானும் பின்னாடி ஓடவில்லை. ரோஷம் ரெண்டு பேருக்கும் ஒரே வீட்டில் இருந்துதானே வந்தது.

மத்தியானம் எச்சில் இலை எடுத்துக்கொண்டிருந்தபோது இடுப்பில் போன் அடித்தது. எடுக்கப் போனேன், நின்றுவிட்டது. அண்ணன் நம்பர். பார்த்துக்கொண்டே நின்றேன், ரெண்டாவது வருகிறதா என்று. வரவில்லை.

"யாரு அத்த? திருப்பிக் கூப்பிடட்டா?" என்று புது மாப்பிள்ளை கேட்டார்.

"வேணாம்பா. அவரு வூடு போய்ச் சேந்துட்டாரு."