மயில்ல என்னத்த வெச்ச அண்ணே?

என் கூடப் பொறந்த அண்ணே,

போன எடத்துலயாவது ஒழுங்கா இருக்கியா? அங்கயும் ஒரு பெட்டிய நீட்டி, "உள்ள வெத்தல இருக்கு, எடுத்துக்கோங்க"ன்னு யாரையாவது கூப்புட்டுக்கிட்டு இருக்கியோ என்னமோ. எமதர்மராஜா கிட்ட அந்த வேலைய வெச்சுக்காத. அவருக்குச் சிரிக்கத் தெரியுமோ தெரியாதோ.

நான் இன்னும் ஒன்ன நம்பல. செத்துப்போனவங்கள இப்பிடிப் பேசக்கூடாதுன்னு எனக்கும் தெரியும். காலையில வெளக்கேத்துறப்பவே முருகன் கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் எழுத ஒக்காந்தேன். ஆனா ஒன்ன நம்பி நான் பட்டது கொஞ்சமா?

எனக்கப்புறம் ஒன்னத் தெரியாதவங்க யாராவது இத எடுத்துப் படிப்பாங்க, அதனால கொஞ்சம் சொல்லிடறேன். நீ பாசிர் பெனம்பாங் மீன்புடி ஊர்ல ஒரு சீனத் தவுக்கே, அதான் மொதலாளி, அவரோட தச்சுப் பட்டறையில வேல செஞ்ச. படகுக்கும் மீன் கடை மேசைக்கும் பலகை அறுத்து மிச்சம் விழுற துண்டையெல்லாம் கோணிச்சாக்குல கட்டி, மோட்டார் சைக்கிள் பின்னால வெச்சு வீட்டுக்குக் கொண்டாருவ. வேற யாராவதா இருந்தா அதுல ஒரு மணை செய்வாங்க, அலமாரிக்கு ஒரு தட்டு செய்வாங்க. நீ செஞ்சது பூரா ஆள ஏமாத்துற சாமான். மூடிய இழுத்தா மரப்பாம்பு தலையத் தூக்கி வெரல்ல குத்துற பெட்டி. ஒக்காந்தா அசிங்கமா ஒரு சத்தம் போடுற முக்காலி.

அந்த முக்காலியிலதான, என்னப் பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு ஒன் மச்சானப் புடிச்சு ஒக்கார வெச்ச? அந்த மனுஷன் இன்னிக்கி வரைக்கும் எங்க போனாலும் நாற்காலிய ஒரு தட்டு தட்டிப் பாத்துட்டுத்தான் ஒக்காருறாரு. போன வாரம் கிளினிக்ல கூட தட்டுனாரு. நர்ஸு என்னையப் பாத்துச்சு. நான் எங்க பாக்கறது?

அதெல்லாம் போவட்டும். கோயில் தலைவருக்கு நீ குடுத்தியே ஒரு சாமான், அதுலதான் எல்லாம் ஆரம்பிச்சுது. சதுரப் பலகை, நடுவுல குறுக்கயும் நெடுக்கயும் ரெண்டு பள்ளம், மேல ஒரு கைப்பிடி. சுத்துனா உள்ள ரெண்டு கட்டை இங்கயும் அங்கயும் ஓடும். என்னத்த அரைக்கும்னு கேட்டாரு. ஒண்ணும் அரைக்காது தலைவரே, சும்மா சுத்திக்கிட்டே இருக்கும், இதுக்குப் பேரு கமிட்டி மெஷின்னு சொன்ன. பூசைக்கு வந்தவங்க முன்னாலயா சொல்லுவ? அன்னிக்கி அவரு மூஞ்சிய நான் பாத்தேன், நீ பாக்கல.

அப்புறம் பழைய மயில் வாகனத்த கரையான் அரிச்சிருச்சுன்னு தெரிஞ்சப்ப, பக்கத்துலயே தச்சர் இருக்காரேன்னு ஐயர்தான் ஒன் பேரச் சொன்னாரு. தலைவரு ஒத்துக்கவே இல்ல. அந்த ஆளு சாமியவே ஏமாத்திடுவாருன்னாரு. நான்தான் எந்திரிச்சு, எங்கண்ணன் சாமி காரியத்துல வெளையாட மாட்டாரு, ஏதாவது ஆச்சுன்னா நான் பொறுப்புன்னு கோயில்லயே கையத் தூக்கிச் சொன்னேன். வாய் சொல்லிருச்சு. சொன்னதுக்கப்புறந்தான் யோசிச்சேன். சாமி ஊர்வலத்துல எதாச்சும் நடந்தா ஒன் பேரும் போச்சு, அதுக்கப்புறம் நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அந்த வாசல்ல கோலம் போடறது?

நீ செஞ்ச மயிலு அழகா இருந்துச்சுண்ணே. அத நான் மறைக்கல. தோகை, கொண்டை, காலுக்குக் கீழ படம் எடுத்த பாம்பு, அடியில பலகைப் பீடம். ஆனா அந்தப் பாம்பப் பாத்ததும் எனக்குப் பக்குன்னு ஆயிருச்சு. ஒன் பெட்டிக்குள்ள இருக்கிற பாம்பும் இதுவும் ஒரே மூஞ்சி.

ஆஸ்பத்திரியில நீ படுத்திருந்தப்ப ஒன்னால சரியா பேசக்கூட முடியல. எனக்கு வேற எத்தனையோ கேக்க இருந்துச்சு. ஆனா வாயில வந்தது இதுதான்.

"அண்ணே, உண்மையச் சொல்லு. அந்த மயில்ல எதாச்சும் வெச்சிருக்கியா?"

நீ கண்ண மூடிக்கிட்டே சிரிச்ச. "கும்புடுறவங்கள ஒண்ணும் செய்யாது பாப்பா."

இது ஒரு பதிலா? இருக்குன்னு அர்த்தமா, இல்லன்னு அர்த்தமா? மறுநாள் கேட்டுக்கலாம்னு இருந்தேன். மறுநாள் நீ இல்ல.

ஒன் காரியமெல்லாம் முடிஞ்சு பங்குனி உத்திரம் நெருங்கிருச்சு. புது வாகனத்துக்கு ஊசியால கண் தெறக்கணும். செஞ்ச கைதான் தெறக்கணும், அந்தக் கை இல்லன்னா அவரு ரத்த சம்பந்தம் யாராவது ஊசி புடிக்கணும்னு ஐயர் சொல்லிட்டாரு. ஒனக்குப் பொண்டாட்டி புள்ள உண்டா? நான்தான. ஊர் பூரா பாக்க, நான் போயி அந்த மயில் மூஞ்சிக்கு நேரா நிக்கணும். எத்தனையோ கண் தெறப்பு பாத்திருக்கேன், மயிலு என்ன செய்யுமோன்னு யாரும் பயந்து நின்னதில்ல.

அன்னியிலருந்து தெனம் சாயந்தரம் கோயிலுக்குப் போயிருவேன். தொடைக்கிற மாதிரி துணிய எடுத்துக்கிட்டு ஒரு எடம் விடாம தடவிப் பாத்தேன். கொண்டையத் திருகுனேன், அலகப் புடிச்சு இழுத்தேன், வயித்துல காத வெச்சுத் தட்டிக் கேட்டேன். பாம்ப நல்லா ஆட்டிப் பாத்தேன், அசையவே இல்ல. ஒவ்வொரு தடவையும் தடவுன கைய கண்ணுல ஒத்திக்கிட்டேன், தப்பா நெனைக்காத முருகான்னு. ஒண்ணுமே கெடைக்கல. கெடைக்காததுதான் எனக்கு பயம். ஒன் வேலையில கண்டுபுடிக்க முடியாதபடி செய்யறதுதான ஒன் கெட்டிக்காரத்தனம்?

இதுல ஒரு கூத்து கேளு. நான் ஒன்ன சந்தேகப்பட்டுக்கிட்டு இருக்க, தலைவரு என்னையச் சந்தேகப்பட ஆரம்பிச்சிட்டாரு. "ஏம்மா பாக்கியம், தெனம் வந்து வாகனத்துக்கு அடியில குனிஞ்சு என்னம்மா தேடுற?"ன்னு கேட்டாரு. தொடைக்கிறேன்னேன். "வயித்தத் தட்டித் தட்டியா தொடைப்பாங்க?"ன்னாரு. மறுநாள்லருந்து அவரு சம்சாரம் பூ கட்டுற சாக்குல பக்கத்துலயே வந்து ஒக்காந்துக்குச்சு. நான் எதையோ மந்திரிச்சு உள்ள வெக்கிறேன்னு ரெண்டு பேரும் முடிவு பண்ணிட்டாங்கன்னு அப்புறம் கேள்விப்பட்டேன். என்னப் போயி! செவ்வாயும் வெள்ளியும் பச்சத்தண்ணி பல்லுல படாம வெரதம் இருக்கிறவள.

கண் தெறப்பு அன்னிக்கி நல்ல கூட்டம். ரவாங் டவுனுக்குக் குடி போனவங்க கூட காரெடுத்துக்கிட்டு வந்துட்டாங்க. ஐயர் தங்க ஊசியத் தேன்ல தொட்டு என் கையில குடுத்தாரு. ஒன் மச்சான் பின்னால நின்னு, பயப்படாத பாக்கியம், நான் இருக்கேன்னாரு. சொல்லிட்டு அவரு ரெண்டடி தள்ளி நின்னாரு, அதையும் பாத்தேன்.

ஊசி மயில் கண்ணத் தொட்டுச்சு. தொட்டதும் நான் "ஐயோ அண்ணே"ன்னு கத்திக்கிட்டு பின்னால குதிச்சு, ஒன் மச்சான் கால மிதிச்சு, அவரு தேங்காய்த் தட்டு மேல சாஞ்சு, தேங்காயெல்லாம் உருண்டு ஓடுச்சு.

மயிலு சும்மா நின்னுச்சு. ஒண்ணுமே இல்லண்ணே. மரம் மரமா நின்னுச்சு. கூட்டம் சிரிச்ச சிரிப்பு இருக்கே, ஐயரு கூட துண்டால வாயப் பொத்திக்கிட்டாரு. எனக்கு மானம் போச்சு. ஆனா நானும் சிரிச்சேன். நீ போனதுக்கப்புறம் அன்னிக்குத்தான் மொதல்ல சிரிச்சேன். சிரிச்சுக்கிட்டே மத்த கண்ணையும் தெறந்தேன்.

ஊர்வலமும் நல்லபடியா போச்சு. பழைய தோட்டத்து லயத்து வீட்டுப் பக்கம், செம்பனைக் காட்டு ரோடு, எல்லாம் சுத்தி லோரி மேல சாமி ஜம்முன்னு வந்தாரு. சாமிய எறக்கி உள்ள வெச்சுட்டாங்க, கூட்டமும் சாப்பாட்டுக்குப் போயிருச்சு. நான் மட்டும் மண்டபத்துல மயிலுகிட்ட நின்னு, வீணா ஒன்ன சந்தேகப்பட்டுட்டேனேன்னு மனசுக்குள்ள பேசிக்கிட்டு இருந்தேன்.

அப்பத்தான் தலைவரு வந்தாரு. வாகனத்தோட ஒரு படம் புடிச்சுக்கணுமாம். சம்சாரத்துகிட்ட ஹேண்ட்போன குடுத்துட்டு, மயில் கழுத்துல கையப் போட்டு, ஒரு கால தூக்கிப் பீடத்து மேல, பாம்புக்கு முன்னால, நல்லா ஊனி நின்னாரு. சாமி ஒக்காந்து வந்த வாகனம். அதுல காலான்னு கேக்க வாயத் தெறக்கப் போனேன்.

டக்குன்னு ஒரு சத்தம்.

அந்தப் பாம்பு தலைய எறக்கி அவரு கட்ட வெரல்ல ஒரு கொத்து கொத்திட்டு, பழையபடி நிமிந்து நின்னுக்குச்சு. கண்ணிமைக்கிற நேரந்தான். தலைவரு காலத் தூக்கிக்கிட்டு ஒத்தக் கால்ல ஆடுனாரு. சம்சாரம் போன்ல கேமராவத் தேடிக்கிட்டு இருந்துச்சு, எதையும் பாக்கல.

"என்னமோ கடிச்சிருச்சும்மா"ன்னாரு.

"கட்டெறும்பா இருக்கும் தலைவரே"ன்னேன். "சக்கரப் பொங்கல் சிந்துன எடம்."

சாமி சன்னிதியில பொய் சொல்லிட்டேன். அதுக்கு வெரதம் இருந்துக்கறேன்.

அவங்க போனதும் பீடத்த ரெண்டு கையாலயும் அமுக்கிப் பாத்தேன். அசையல. நெத்திய வெச்சுப் பாத்தேன். அசையல. ஆளு கால் பாரம் எறங்கணும் போல. அப்ப நான் கால வெச்சுத்தான் பாக்கணும். வாகனத்து மேல என் காலு படுமா? செத்தாலும் படாது. அதத் தெரிஞ்சுதான வெச்ச? ஊரே தேடுனாலும் தேடாட்டியும் நான் தேடுவேன், நான் தேடுனா கெடைக்காதுன்னு ஒனக்குத் தெரியும்.

சரி, அது தலைவருக்காக வெச்சதா, இல்ல பொதுவா வெச்சதா? அது ஒண்ணுதானா, தோகைக்குள்ள வேற என்னமும் இருக்கா? கொண்டை கொஞ்சம் கோணலா இருக்கே, அது எதுக்கு?

ஒண்ணு மட்டும் சத்தியமா சொல்றேன். நான் இருக்கிற வரைக்கும் அந்த மயில நான்தான் தொடைப்பேன், பாம்புக்கு எண்ண போடறதும் நான்தான். யாராவது பீடத்துல கால வெச்சா, வெக்காதீங்கன்னு ஒரு தடவ சொல்லுவேன். கேக்கலன்னா அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்குவேன்.

இப்பிடிக்கு,
ஒன் பேச்ச என்னிக்கும் நம்பாத, ஒனக்காகக் கையத் தூக்குன தங்கச்சி,
பாக்கியம்