கன்றுகள் சொன்ன சாட்சி

பிட்டர் ஃபோர்க்,
வயோமிங்,
ஜூன் மாதம், செவ்வாய்க்கிழமை.

அன்புத் தம்பி லேலண்டுக்கு உன் அண்ணி ஹெப்சி எழுதிக்கொள்வது.

இங்கே நான் சுகம். உன் அண்ணனும் சுகமாகத்தான் இருக்கிறார். சிறையில் இருக்கும் மனிதர் எவ்வளவு சுகமாக இருக்க முடியுமோ, அதைவிட ஒரு பிடி கூடுதலாகவே. மொன்டானா பக்கம் இன்னும் ராத்திரிக் குளிர் விட்டிருக்காது. நீ சளி பிடிக்கிற உடம்புக்காரன், ஈரத் தரையில் படுத்துத் தொலைக்காதே.

பாத்திரம் விற்கிற கிழவர் வந்து நீ சொன்னதைச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை ஊரே கோவிலில் இருக்கும் நேரம் பார்த்து, நீயும் உன் கூட்டாளிகளும் சிறைக்கு வந்து அண்ணனைத் தூக்கிக்கொண்டு போகப் போகிறீர்களாம். நான் ஒரு குதிரைக்குச் சேணம் போட்டு ஓடைக்கரையில் கட்டி வைக்க வேண்டுமாம். இதற்குப் பதிலை அவர் வாயில் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. ஒரே சட்டிக்கு வீட்டுக்கு வீடு வேறு விலை சொல்கிற மனிதர் அவர். அதனால்தான் எழுதி, ஒட்டி, அவர் கையில் கொடுத்திருக்கிறேன். முழுவதும் படி. நடுவில் கோபம் வந்தால் எழுந்து ஒரு நடை நடந்துவிட்டு வந்து மறுபடியும் படி.

பிறைக்குறிப் பண்ணைக்காரர்கள் அண்ணனை வளைத்துப் பிடித்தார்கள் என்று உன்னிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். பச்சைப் பொய். உன் அண்ணன் ஓரின் பிகெட்டை வளைத்துப் பிடிக்கிற ஆள் இந்தப் பக்கம் இன்னும் பிறக்கவில்லை. அவர் தானாகப் போனார். எப்படிப் போனார் என்பதை என்னிடமிருந்து நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்தப் பண்ணையிலிருந்து நீங்கள் இருவரும் கிளப்பி வந்த கன்றுகளில் கொஞ்சத்தைப் பக்கத்து நிலத்து ஸ்வீடன்காரர் நில்ஸிடம் விற்றீர்களே, நினைவிருக்கும். பால் மறக்கட்டும், இன்னும் சில வாரம் பட்டியில் கிடக்கட்டும் என்று அண்ணன் சொன்னார். அதெல்லாம் ஒன்றும் ஆகாது என்று அவசரப்பட்டது நீ. நில்ஸ் அவற்றுக்குத் தன் சூட்டுக்குறியைப் போட்டுப் புல்வெளியில் விட்டார். வசந்தகால மாடு திரட்டு வந்தது. எல்லாப் பண்ணை மாடுகளும் ஒரே மைதானத்தில் கலந்து நின்றதும், அந்தக் கன்றுகள் நேராகப் பண்ணையின் பிறைச் சூட்டுக்குறி போட்ட பசுக்களின் மடிக்கு ஓடின. கன்று எந்தப் பசுவிடம் குடிக்கிறதோ அந்தப் பசுவின் குறிதான் கன்றுக்கும். இந்த ஊர்ச் சட்டம் உனக்குத் தெரியாததா? நில்ஸைத் திருடன் என்று பிடித்துக் கட்டிவிட்டார்கள்.

யாரிடம் வாங்கினாய் என்று கேட்டிருக்கிறார்கள். அவர் வாயைத் திறக்கவில்லை. பண்ணையின் மேலாள் ஸ்டோக்ஸ், “பேரைச் சொல்றியா, கழுத்தைக் குடுக்கிறியா?” என்று கேட்டானாம். “கால் ஒடிஞ்சு நான் கிடந்த குளிர்காலத்துல என் வீட்டு அடுப்புக்கு விறகு வெட்டிப் போட்டவன் பேரை நான் எப்படிய்யா சொல்லுவேன்?” என்றாராம் நில்ஸ். ஸ்டோக்ஸ் கயிறு கொண்டுவரச் சொல்லிவிட்டான்.

நில்ஸின் மனைவி இங்கா தலைவிரிகோலமாக நம் வீட்டு வாசலுக்கு ஓடி வந்தாள். உன் அண்ணன் அப்போது உன்னிடம் வருவதற்காகக் கிளம்பிக்கொண்டிருந்தார். சேணம் போட்டாயிற்று, உப்புக்கறியும் காபித் தூளும் மூட்டையில் கட்டியாயிற்று. ஒரு மணி நேரம் கழித்து வந்திருந்தால் அவள் என்னை மட்டும்தான் பார்த்திருப்பாள். அவள் சொன்னதைக் கேட்டு அவர் அப்படியே நின்றார். “என் பேரைச் சொல்லலையா அவன்?” என்று கேட்டார். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் அதையே கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, “என் பேரை அவன் இவ்வளவு பத்திரமா வச்சிருக்கான் ஹெப்சி. நான் ஒரு நாளாவது அப்படி வச்சிருந்தேனா?” என்றார். நான் மூட்டையைக் குதிரையிலிருந்து இறக்கினேன்.

அவர் குதிரையேறியதும், இன்னொரு குதிரையில் இங்காவை என் பின்னால் ஏற்றிக்கொண்டு நானும் போனேன். அதனால் இனி எழுதுவது கண்ணால் கண்டது. அவ்வளவு பேர் துப்பாக்கியோடு நிற்கிற மைதானத்துக்குள் அவர் குதிரையை நடத்தியே போனார். துப்பாக்கி வாரை அவிழ்த்துச் சேணத்தில் மாட்டிவிட்டு இறங்கினார். “அவிழ்த்து விடுங்க அந்த மனுஷனை. கன்னுங்க நான் திருடினது” என்றார்.

ஸ்டோக்ஸ் நம்பவில்லை. சிநேகிதனைக் காப்பாற்ற நாடகம் போடுகிறான், இரண்டு பேரையும் சேர்த்துத் தொங்கவிடலாம் என்றான். உன் அண்ணன் அவனைப் பார்க்கவே இல்லை. திரட்டுக்குத் தலைமை தாங்கிய பெரியவர் ஆல்வாவைப் பார்த்து, “மலை இடுக்குல என் பட்டி இருக்கு. நில்ஸ் கண்ணுலயே படாத கன்னுங்க இன்னும் அங்க கிடக்கு. ஓட்டிட்டு வந்து விட்டுப் பாருங்க. அதுங்களுக்குப் பொய் சொல்லத் தெரியாது” என்றார்.

ஓட்டி வந்தார்கள். மடி கனத்துக் கத்திக்கொண்டிருந்த பிறைக்குறிப் பசுக்கள் ஒரு பக்கம், கன்றுகள் ஒரு பக்கம். நடுவில் கட்டியிருந்த கயிற்றை எடுத்ததும் ஒவ்வொன்றும் தன் தாயை முகர்ந்து கண்டுபிடித்து முட்டி முட்டிக் குடித்தது. தன்மேல் தானே குற்றத்தை நிரூபித்துவிட்டு, ஏதோ பரிசு வாங்கியவர் போல நின்றார் உன் அண்ணன். சிரிக்கிறாயா? நான் அழுதேன். அவமானத்தில் இல்லை. இவரைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து தலையில் துணியை இழுத்துவிட்டுக்கொண்டுதான் கடைவீதிக்குப் போயிருக்கிறேன். அன்றைக்கு அந்த மைதானத்தில் இவர் என் வீட்டுக்காரர் என்று சத்தம் போட்டுச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

கூட யார் என்று கேட்டார்கள். “என் கை செஞ்சதுக்கு என் பேரைக் கேளுங்க” என்பதோடு நிறுத்திக்கொண்டார். உன் பெயர் இன்றுவரை அவர் வாயிலிருந்து வரவில்லை. ஸ்டோக்ஸ் அப்போதும் கயிறு கயிறு என்றுதான் குதித்தான். பெரியவர்தான், நீதிபதி வந்து தீர்க்கட்டும் என்று ஷெரீப்பிடம் ஒப்படைத்தார். நில்ஸ் தன் தொப்பியைக் கழற்றி உன் அண்ணன் தலையில் வைத்தார். வெயிலாக இருந்தது, அண்ணன் அவசரத்தில் தொப்பி இல்லாமல் போயிருந்தார்.

இப்போது சிறையில் நடப்பதைக் கேள். ஷெரீப் அவரைப் பகலில் வெளியே விறகு பிளக்க விடுகிறார். காவலுக்கு ஆள் கிடையாது. பொழுது சாய்ந்ததும் இவராகவே உள்ளே போய், “கதவைச் சாத்துங்கய்யா, கொசு வருது” என்கிறாராம். கடைக்காரர் மனைவி என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் காபி கொடுத்தாள். நானும் மிடுக்காகவே குடித்தேன்.

நீதிபதி அடுத்த மாதம் வருகிறார். கயிறா, கம்பியா என்று எனக்குத் தெரியாது. பெரியவர் ஆல்வா நல்ல வார்த்தை சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். பயமில்லை என்று எழுதினால் அது பொய். ஆனால் என் புருஷனை எனக்குத் திருப்பித் தருகிறேன் என்று நீ துப்பாக்கியோடு வருவதை நினைத்தால் அதைவிடப் பயமாக இருக்கிறது.

நீ சொல்லி அனுப்பியதை அவரிடம் சொன்னேன். எழுந்து வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார். பிறகு, “சின்னவன் வந்தான்னா கதவுக்குக் குறுக்க ஷெரீப் நிக்க மாட்டாரு, நான் நிப்பேன்னு எழுது” என்றார். எழுதிவிட்டேன். அவர் சொன்னால் செய்வார் என்பது உனக்குத் தெரியும். கையில் ஒன்றும் இல்லாமல் நிற்பார், தம்பி. அவரைக் காப்பாற்ற வேண்டுமென்றால் முதலில் நீ அவரைச் சுட வேண்டியிருக்கும்.

ஓடைக்கரையில் குதிரை இருக்காது. வருவதானால் தனியாக வா. பட்டப்பகலில், ஊர் பார்க்க, நடுத்தெரு வழியாக வா. நீ எந்த ஊரில் இருந்தாலும் கர்த்தர் உன் கையைப் பிடித்துக்கொண்டிருக்கட்டும். அந்தக் கை வெறுங்கையாக இருக்கட்டும்.

உன் வரவை எதிர்பார்த்தும், அதற்குப் பயந்தும்,
உன் அண்ணி
ஹெப்சி பிகெட்