தம்பியின் நோய்க்குப் பெயர் கிடைத்தது

என் செல்லப் பெரியவளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம், அதுவும் இந்த முறை பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே சுகம். நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். போனிலேயே சொல்லியிருக்கலாம்தான், ஆனால் நீ குறுக்கே குறுக்கே கேட்பாய், நான் பாதியில் அழுது வைப்பேன், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் தம்பியின் நோய்க்குப் பெயர் கிடைத்துவிட்டது. பெயர் என்றால் வாயில் நுழைகிற பெயர் இல்லை, நாலைந்து எழுத்தும் ஒரு எண்ணும், உன் அப்பா பார்த்துவிட்டு லாரி நம்பர் மாதிரி இருக்கே என்றார். இருக்கட்டுமே. சின்ன வயதிலிருந்து நின்ற இடத்தில் கால் மடங்கி விழுகிற பிள்ளையை, கை நடுங்கிச் சட்டைப் பொத்தான் போட முடியாத பிள்ளையை, ஒருவர் நரம்புத் தளர்ச்சி என்றார், ஒருவர் பயம் என்றார், ஒருவர் நடிப்பு என்றே சொல்லிவிட்டார். இந்த லாரி நம்பர் நமக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

போன வருஷம் புதிதாக வந்த மரபணு டாக்டரம்மா, உன்னைக்கூடக் குழாயில் எச்சில் துப்பி அனுப்பச் சொன்னாரே, எல்லாம் அவரால்தான். இது உலகத்திலேயே விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்களுக்கு வருவது, ஒரே ஊரில் தேடினால் இவன் ஒருத்தன்தான் கிடைப்பான், பல நாட்டு ஆஸ்பத்திரிகள் சேர்ந்து தேடினால்தான் இவனைப் போல இன்னொருவர் தெரியவரும், இவன் தகவலைப் பகிரச் சம்மதமா என்று கேட்டார். அப்பா ஒரேயடியாக மறுத்துவிட்டார். மனுஷன் நாள் முழுக்கப் பூட்டுக்கடையில் மாற்றுச் சாவி போடுகிறவர் ஆயிற்றே. "திறக்க முடியாத பூட்டுன்னு ஒண்ணு கிடையாதும்மா, எம் புள்ளையோட வியாதி கண்டவன் கையில போய், நாளைக்கு வேலை குடுக்கிறவன் வேண்டாம்னு சொல்லிட்டா?" என்று டாக்டரிடமே கேட்டார். அந்த அம்மா கோபப்படவில்லை, பூட்டு உடையவே உடையாது என்று சத்தியமும் செய்யவில்லை. பெயர், முகவரி எதுவும் போகாது, குறியீடுதான், பதிவு நம் ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரை விட்டு நகராது, அனுமதி வாங்கிய ஆராய்ச்சிக்காரர்கள் அவரவர் இடத்திலிருந்து கேள்வி அனுப்பினால் பதில் மட்டும் போகும், யார் கேட்டார்கள் என்பதும் பதிவாகும், வேண்டாம் என்றால் எப்போதும் விலகலாம் என்றார். அப்பா அப்போதும் முகத்தைத் தூக்கிக்கொண்டுதான் இருந்தார். உன் தம்பி சிரித்துக்கொண்டே, "அப்பா, பூட்டு உங்க டிப்பார்ட்மெண்ட், உடம்பு என் டிப்பார்ட்மெண்ட்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டான். கை ஆடியதில் பேனா காகிதத்தைத் தாண்டி மேஜையிலும் எழுதியது. பஸ்ஸில் திரும்பும்போது அப்பாவும் பிள்ளையும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொள்ள, நான் நடுவில் உட்கார்ந்து இருவரையும் மாறி மாறி முறைத்தேன்.

மழைக்காலம் முடிகிற சமயம் டாக்டரம்மா கூப்பிட்டார். கடல் தாண்டி ஒரு நாட்டில் ஒரு பெண்ணுக்கு அதே மரபணுவில் அதே கோளாறாம், அப்படித்தான் அந்த லாரி நம்பர் நிச்சயமானது. வேறு ஏதோ நோய்க்குக் கொடுக்கும் பழைய மாத்திரை ஒன்றை அவளுடைய டாக்டர் கொடுத்துப் பார்த்ததில் நன்றாகக் கேட்கிறதாம். அவள் சரி என்ற பிறகுதான் அவளைப் பற்றி எங்களுக்குச் சொன்னார்கள். என்ன வேலை பார்க்கிறாள் தெரியுமா, முடி வெட்டுகிறாள்! அப்பா வாயைப் பிளந்தார். "அந்தக் கையிலயா கத்திரிக்கோலு?" என்றவர் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் முகம் கழுவினார். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

அதே மாத்திரையை நம் பிள்ளைக்கும் கொடுக்கிறார்கள். அடியோடு குணமாகாது என்று டாக்டரம்மா திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறார், அதையும் உனக்குச் சொல்லிவிடுகிறேன். ஆனால் விழுவது குறைந்திருக்கிறது. போன வாரம் அவனே பொத்தான் போட்டுக்கொண்டு வந்து நின்றான், ஒன்றை மாற்றிப் போட்டிருந்தான், நான் வாயே திறக்கவில்லை. தனியாகக் கடைக்குப் போய் ரொட்டி வாங்கி வந்தான். வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் நின்று கதை பேசியதில் சூடான ரொட்டி ஜில்லிட்டுப் போய்விட்டது, அதற்கும் திட்டவில்லை, என் பொறுமையை நீயே மெச்சிக்கொள்.

நேற்று இன்னொன்று நடந்தது. வேறு எங்கேயோ, இன்னும் தவழ்கிற ஒரு குழந்தைக்கு இதே கோளாறு என்று இவன் பதிவோடு ஒப்பிட்டுக் கண்டுபிடித்திருக்கிறார்கள். யார், எந்த ஊர் என்று நமக்குத் தெரியாது. பெற்றவர்கள் மிகவும் பயந்து போயிருக்கிறார்களாம், ஏதாவது சொல்கிறாயா, நான் அவர்கள் டாக்டர் மூலம் சேர்க்கிறேன் என்று டாக்டரம்மா இவனிடம் கேட்டார். உன் தம்பி, "நடக்க ஆரம்பிச்சா மேஜை முனைக்கெல்லாம் பஞ்சு ஒட்டச் சொல்லுங்க. விழுந்தா திட்ட வேண்டாம்னு சொல்லுங்க. எனக்கு இருபத்திரண்டு வயசாச்சு, நல்லாயிருக்கேன்னு கண்டிப்பா சொல்லுங்க" என்றான். எனக்கு அந்தத் தாயின் நினைப்பாகவே இருக்கிறது. யாரோ எவளோ, இதைக் கேட்டால் கொஞ்சமாவது தூங்குவாள்.

என் கையை உன் தலையில் வைத்ததாக நினைத்துக்கொள், நீங்கள் இரண்டு பேரும் சிரித்த முகமாக நெடுநாள் வாழ வேண்டும். அந்த ஊர்க் குளிரில் வெளியே போகும்போது காதை மூடிக்கொண்டு போ, இதை மாப்பிள்ளைக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். தம்பிக்கு மறக்காமல் போன் செய். எல்லாவற்றையும் முதலிலிருந்து தன் வாயாலேயே சொல்லத் துடித்துக்கொண்டிருக்கிறான், ஒன்றுமே தெரியாத மாதிரி கேள்.

உன் சந்தோஷமான
அம்மா